நான்கு சதுரங்களும் நிறைவு

முதலில் வாசகர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கதை எழுதும் தகுதி எனக்கு உண்டு என்று நான் ஒருபோதும் எண்ணியதில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு மகளிர் பாடசாலையில் சில ஆண்டுகள் தமிழ் கற்பித்தேன். பிள்ளைகள் எழுதிய கட்டுரைகளுக்குச் சிவப்பு மையால் திருத்தம் இட்டேன். நானாக ஒன்றும் எழுதியதில்லை. சுவிற்சர்லாந்துக்கு வந்தபின் கூர் நகரின் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்துவருகிறேன். இங்கே நான் எழுதுவதெல்லாம், இன்னார் இரவு நன்றாக உறங்கினார், காலை உணவில் பாதியை விட்டுவிட்டார் என்னும் ஜெர்மன் குறிப்புகள்தாம். ஆகவே இதில் குறை காண்போர் தயவுசெய்து பொறுத்தருள வேண்டும். எழுதாமலே இருந்திருக்கலாம். இருந்தும், கடந்த மார்ச் மாதத்திலிருந்து எனக்குள் இருக்கும் பயத்தை வேறெங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் ஒரு சதுர நடன அழைப்பாளர். இதைச் சொல்லவும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்த நடனத்தை அறியாதவர்களுக்காகச் சிறிது விளக்க அனுமதியுங்கள். நான்கு சோடிகள் ஒரு சதுரத்தின் நான்கு பக்கங்களிலும் முகம் பார்த்து நிற்பார்கள். எட்டுப் பேர் சேர்ந்தது ஒரு சதுரம். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது ஆடுபவர்களுக்குத் தெரியாது. மேடையில் நிற்கும் அழைப்பாளர் இசையின் அடிக்கு ஏற்ப ஒவ்வொரு கட்டளையாகச் சொல்லச் சொல்ல, கை மாறியும் துணை மாறியும் ஆடுவார்கள். உலகெங்கும் இக்கட்டளைகள் ஆங்கிலத்திலேயே சொல்லப்படுகின்றன; கூரிலும் அப்படித்தான். எப்படிக் கலைத்தாலும் இறுதியில் ஒவ்வொருவரையும் அவரவர் துணையிடம் கொண்டுவந்து சேர்ப்பதே அழைப்பாளரின் கடமை. சேர்க்கத் தவறியவரை ஒருவரும் மறுமுறை மேடைக்கு அழைப்பதில்லை.

நான் இதற்குள் வந்தது தற்செயலாகத்தான். நடனக் கழகத்தினர் எங்கள் இல்லத்துக்கு வந்து முதியோர் முன்னிலையில் ஆடுவது வழக்கம். என் குரலைக் கேட்ட அவர்களுடைய அழைப்பாளர் கியோன், என்னையும் பயிற்சிக்கு வரச்சொன்னார். பின்னர் அவர் மகளுடன் வாழ்வதற்காகத் தெற்கே திச்சினோ மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தார். ஒலிபெருக்கியும் மடிக்கணினியும் கழகத்தில் தங்கின. தலைவி ஊர்சினா அம்மையார் ஒலிவாங்கியை என் கையில் வைத்து, "இனி நீங்கள்தான்" என்றார். மறுத்தால் அவர் மனம் நோகுமே என்று ஒப்புக்கொண்டேன்.

என் கணவர் தம்பித்துரை அதைக் கேட்டு நெடுநேரம் சிரித்தார்.

"இந்த வீட்டில நீர் ஒருதருக்கும் ஒரு வேலை சொல்லி நான் கண்டதில்லை. அங்க போய் வெள்ளைக்காரரை ஆட்டி வைக்கப்போறீரோ?"

"இங்கிலிசிலதானே சொல்லுறது. அதில தயவுசெய்து எண்டு சொல்லத் தேவையில்லையாம்."

"அதுதான் நானும் யோசிக்கிறன். தயவுசெய்து இல்லாமல் உம்மட வாயில என்ன வரும்?"

கழகத்தின் வசந்த கால நடனம் ஆண்டுதோறும் ஊர்சினா அம்மையாரின் கிராமமான பிராவால்தாவில் நடக்கும். கூரிலிருந்து மஞ்சள் நிறத் தபால் பேருந்தில் போக வேண்டும். ஆற்றங்கரையில் ஊர், ஊருக்கு நேர்மேலே தோலுரிந்தது போன்ற ஒரு மலைச்சரிவு. அந்தச் சரிவு நகர்ந்துகொண்டிருந்தது. அதற்கு எதிரே அளவு கருவிகளைப் பொருத்தி, மூன்று நிலைகள் வகுத்திருந்தார்கள். மஞ்சள் என்றால் விழிப்புடன் வாழலாம். செம்மஞ்சள் என்றால் பையைக் கட்டிவைக்க வேண்டும். சிவப்பு என்றால் ஊரை விட்டு நீங்க வேண்டும். அவ்வாண்டு மஞ்சள். "மஞ்சளில் எல்லாம் செய்யலாம்" என்று ஊர்சினா அம்மையார் சொன்னார். நடனத்தைக் கூரில் வைத்தால் நன்று என்று சொல்ல நான் மூன்று முறை வாயைத் திறந்தேன். மூன்று முறையும் வானிலை பற்றி ஏதோ சொல்லிவிட்டு மூடிக்கொண்டேன்.

எனவே என் பயம் முழுவதும் இசைத் தெரிவுக்குள் புகுந்துகொண்டது.

கூரில் வாழும் தமிழர்களில் பெரும்பாலோர் என்னை ரீச்சர் என்றே அழைப்பார்கள். சிவகலா மட்டும் அக்கா என்பார். மட்டக்களப்பைச் சேர்ந்தவர்; ஒரு விடுதியின் சமையலறையில் வேலை; என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். எங்கள் மாடிக்குக் கீழ்மாடியில் குடியிருந்தார். விடுமுறை நாளில் கதவைத் தட்டாமலே உள்ளே வந்துவிடுவார். அவர் அப்படி வருவது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை நான் அவரிடம் சொன்னதில்லை.

நடனத்துக்கு முந்திய வாரம் அவர் வந்தபோது, நான் சாப்பாட்டு மேசையில் நான்கு ஏலக்காய்களையும் நான்கு கராம்புகளையும் சதுரமாக வைத்து நகர்த்திக்கொண்டிருந்தேன். அழைப்பாளர்கள் ஆட்ட வரிசையை இப்படித்தான் வீட்டில் அமைத்துப் பார்ப்பார்கள். மற்றவர்கள் அதற்குப் பொம்மைக் காய்களைப் பயன்படுத்துவார்கள்.

"என்னக்கா, கறிச்சரக்கோட கதைச்சிட்டு இரிக்கிறீங்க?"

"ஏலக்காய் ஆம்பிளையள். கராம்பு பொம்பிளையள். ஆர் எந்தப் பக்கம் பாக்கினம் எண்டு தெரியவேணுமெல்லோ. கராம்புக்குத் தலை இருக்கு."

"ஏலக்காய்க்கு?"

"தலை இல்லை. காம்பை வைச்சுத்தான் கண்டுபிடிக்கவேணும்."

"அப்ப ஆம்பிளையளுக்குத் தலையே இல்ல. சரியாத்தான் வைச்சிரிக்கிறீங்க." மேசை ஓரத்தில் கிடந்த இன்னொரு கராம்பைச் சிவகலா எடுத்தார். "இது ஆரு?"

"அது மிச்சம். சதுரத்துக்கு எட்டுப் பேர்தான்."

"ஒன்பதாவது ஆள் என்ன செய்யும்?"

"கதிரையில இருந்து பாக்கும்."

"அப்ப இது நான்தான்" என்று சொல்லி, அதைத் தம் தேநீருக்குள் போட்டுக்கொண்டார்.

நான் மடிக்கணினியில் இசையை ஓடவிட்டேன். முதலாவது துண்டில் முரசு பலமாக இருந்தது. நிறுத்தினேன். இரண்டாவதில் ஆடுபவர்கள் காலால் தரையில் அடிக்கும்படி ஓர் இடம் வந்தது. அதையும் நிறுத்தினேன்.

"ஏன் நிப்பாட்டினீங்க? நல்லாத்தானே போச்சு."

"அடி பலமா இருக்கு. தரை அதிரும்."

"அதிரட்டும்."

"மேல மலை இருக்குச் சிவகலா."

அவர் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு மேசையில் தலை வைத்துச் சிரித்தார். "கிழடுகள் கொஞ்சம் காலத் தட்டினா மலை இறங்கி வருமோ? அப்பிடியெண்டா எங்கட ஆக்கள் கலியாண வீட்டில ஆடுற ஆட்டத்துக்கு ஆல்ப்ஸ் முழுக்க இப்பத் தரையாகியிரிக்கும்!"

நானும் சிரித்தேன். ஆயினும் முரசு இல்லாத, வயலின் மட்டும் ஒலிக்கும் துண்டுகளையே தெரிந்தெடுத்தேன். வேகத்தையும் குறைத்தேன். ஆட்ட வரிசையிலும் அப்படியே. தொடர்ந்து ஒரே கையால் பிடிக்கச் சொல்லக் கூடாது. ஒரே பக்கமாகவே சுழற்றினால் தலை சுற்றும். இவை எல்லா அழைப்பாளர்களும் பார்ப்பவை. நான் அவற்றுக்கு மேலும் பார்த்தேன். ஓடி வர வேண்டிய இடங்களை நீக்கினேன். கைதட்டும் இடங்களை நீக்கினேன். இறுதியில் எஞ்சியது மிக மெல்லிய, மிகக் கவனமான ஒரு நடை.

சிவகலா சிறிது நேரம் கேட்டார். "செத்த வீட்டுக்கு நல்லது" என்றார். "ஒரு பைலா போடுங்களன் அக்கா."

"இதுக்குப் பைலாவோ?"

"ஏன், வெள்ளைக்காரருக்குக் கால் இல்லையோ?"

பைலா எங்கள் நாட்டுக் கொண்டாட்டங்களின் துள்ளிசை. பாட்டில்லாத, கிற்றாரும் அக்கோடியனும் மட்டும் ஒலிக்கும் ஒரு பைலாவைத் தேடி எடுத்தேன். ஏலக்காயையும் கராம்பையும் அதற்கு நகர்த்திப் பார்த்தேன். வியப்பாக இருந்தது. பைலாவின் நடையில் ஓர் ஊஞ்சல் இருக்கிறது. காலடி அதில் தானாகவே விழுகிறது. எட்டும் சிரமமில்லாமல் தத்தம் துணையிடம் திரும்பின. என் குரலுக்கு ஏற்ற சுருதிக்கு அதை இறக்கினேன். அழைத்துப் பார்த்தேன். பயம் தொடங்கிய நாளிலிருந்து முதன்முறையாக என் தோள்கள் இறங்கின.

"கடைசி ஆட்டத்துக்கு இதைப் போடுறன்" என்றேன். "ஆனா நீங்களும் வரவேணும். தனியப் போக எனக்குப் பயமாக் கிடக்கு."

"எனக்கும் நீங்களோ? நீ வாடி எண்டு ஒருக்காச் சொல்லுங்க, வாறன்."

என்னால் சொல்ல முடியவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி சரி, வாறன்" என்றார். "ஆனா கதிரையில இருந்து பாக்க மாட்டன், எனக்கு விசர் பிடிச்சிடும். சமையலறையத் தரச் சொல்லுங்க, எல்லாருக்கும் மரக்கறி றோல்ஸ் பொரிச்சுத் தாறன். என்ர பைலா கேட்டா வெளிய வந்து பாப்பன்."

நடனம் சனிக்கிழமை பிற்பகலில். பேருந்திலிருந்து இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. சரிவின் மேற்பாதியை முகில் மூடியிருந்தது. ஒரு சிறு கல் எங்கோ உருண்டு விழும் ஒலி கேட்டது. நான் நின்றுவிட்டேன். சிவகலா ஒரு கையில் பொரிக்கும் தாச்சியும் மறுகையில் என் முழங்கையுமாக என்னை மண்டபத்துக்குள் கூட்டிச் சென்றார்.

மின்சார இணைப்பு ஒரு பக்கத்தில் மட்டுமே இருந்ததால், மலைக்கு முதுகைக் காட்டியே நான் நிற்க வேண்டியதாயிற்று. வலப்புறம் வெளிக்கதவு. இடப்புறம் சமையலறை, பரிமாறுவதற்கு அதன் சுவரில் ஒரு சாளரம். எண்ணெய்ப் புகை மண்டபத்துக்கு வராமலிருக்கச் சிவகலா அதன் பலகைக் கதவை இறக்கிவிட்டு, புகைவாங்கியைப் போட்டுக்கொண்டார். மேலங்கிகளும் தெருச் சப்பாத்துகளும் கைபேசிகளும் நிலவறையில். எல்லாரும் மெல்லிய தோல் அடி வைத்த நடனச் சப்பாத்துகளுடன் மேலே வந்தார்கள்.

ஊர்சினா அம்மையார் மகிழ்ச்சியாக இருந்தார். பல ஆண்டுகளுக்குப் பிறகு எண்ணிக்கை சரியாக அமைந்திருந்தது. நான்கு சதுரங்கள். "இன்று ஒருவரும் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை, பாருங்கள்" என்று சுவரோரத்துக் கதிரைகளைக் காட்டினார். அவை வெறுமையாக இருந்தன.

பிற்பகல் முழுவதும் என் முதுகில் ஒரு குளிர் இருந்தது. கட்டளைகளைச் சொல்லிக்கொண்டே, ஆடுபவர்களின் முகங்களில் மலையைப் பார்த்தேன். யாராவது ஜன்னல் பக்கம் கண்ணை உயர்த்தினால் என் கட்டளை ஓர் அடி பிந்தியது. அவர்கள் உயர்த்தியது கடிகாரத்தைப் பார்க்க. வயலின் மெல்ல ஒலித்தது. அவர்கள் மெல்ல ஆடினார்கள். நாகரிகமாகக் கைதட்டினார்கள். இடைவேளையில் ஒருவர், "அமைதியான தெரிவு" என்று பாராட்டினார். பாராட்டாக இருக்காது என்றே நினைக்கிறேன்.

கடைசி ஆட்டம் வந்தது. பைலாவைத் தொடங்கினேன்.

நான்கு சதுரங்களும் நிமிர்ந்தன. முதல் சில அடிகளிலேயே ஊர்சினா அம்மையாரின் பாவாடை சுழன்றது. யாரோ ஒருவர் உரக்கச் சிரித்தார். ஆட்ட வரிசையை நான் கலைக்கத் தொடங்கினேன். சோடிகள் பிரிந்து, துணைகள் எதிர்ப்பக்கம் போய், எல்லாரும் அவரவர் இடத்திலிருந்து மிகத் தொலைவில் நின்ற வேளையில், என் காதில் ஒரு தவறான சுரம் விழுந்தது.

ஒலிவாங்கி கூவுகிறது என்று எண்ணி ஒலியைக் குறைத்தேன். சுரம் குறையவில்லை. அது ஏறியது, இறங்கியது, மீண்டும் ஏறியது. நான் தெரிந்தெடுத்த சுருதிக்குள் அதற்கு இடமே இல்லை.

இந்நாட்டில் ஆண்டுக்கொரு முறை, பெப்ரவரி மாதப் புதன்கிழமை ஒன்றில், சைரன்களைப் பரிசோதிப்பார்கள். அன்று மார்ச் மாதச் சனிக்கிழமை.

ஜன்னலோரமாக ஆடிய சிலருக்கும் அது கேட்டது. ஊர்சினா அம்மையார் என்னைப் பார்த்தார். ஆனால் ஆடுவதை நிறுத்தவில்லை. ஒருவருமே நிறுத்தவில்லை. சதுர நடனத்தில் மிகப் பழைய மரியாதை ஒன்று உண்டு: ஆட்டம் முடியும்வரை எவரும் சதுரத்தை விட்டு நீங்கக் கூடாது. ஒருவர் நீங்கினால் மற்ற ஏழு பேரின் ஆட்டமும் கெடும். கால் சுளுக்கினாலும் நின்று முடித்துவிட்டுத்தான் போவார்கள். இப்போது மலை சரிகிறது. அவர்கள் கைகளை மாற்றிக்கொண்டு, என் வாயைப் பார்த்தபடி ஆடிக்கொண்டிருந்தார்கள்.

என் வாய் கட்டளைகளைத் தன்பாட்டில் சொல்லிக்கொண்டிருந்தது. இசையை நிறுத்தி, ஓடுங்கள் என்று கத்தலாம். நிறுத்தினால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். இசை நின்றால் ஆட்டம் முடிந்தது என்று பொருள். துணைக்கு வணக்கம் சொல்வார்கள். பக்கத்தவருக்கு வணக்கம் சொல்வார்கள். எட்டுப் பேரும் கைகோத்து நன்றி கூறுவார்கள். பிறகு நிலவறைக்கு இறங்கி, வாங்கில் உட்கார்ந்து, சப்பாத்து மாற்றி, நாடாக் கட்டுவார்கள். சைரன் கேட்டாலும் சப்பாத்து மாற்றாமல் மழைக்குள் இறங்கும் மனிதர்கள் அல்லர் அவர்கள்.

இசை நிற்கக் கூடாது. அதுவரை எனக்குத் தெளிவாக இருந்தது. ஆனால் அவரவர் துணையிடம் சேர்க்காமல் எப்படி வெளியே நடத்துவது? சேர்ப்பதற்கு இன்னும் ஐந்தாறு கட்டளைகள் வேண்டும். என் பின்னால் ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கத் தொடங்கின.

"பக்கத்தில் நிற்பவர் யாராயினும் கையைப் பிடியுங்கள்" என்றேன் ஆங்கிலத்தில். "ப்ரொமனேட். கதவோரச் சதுரம் முதலில். வெளியே. பாலத்தைத் தாண்டி மைதானத்துக்கு. மற்றவர்கள் பின்னால்."

சோடி சோடியாகக் கைகோத்து நடப்பதற்குப் பெயர்தான் ப்ரொமனேட். சதுரத்தைச் சுற்றி நடப்பது வழக்கம். மண்டபத்தை விட்டு நடக்கச் சொல்லி எந்த அழைப்பாளரும் சொன்னதில்லை. ஒரு கணம் தயங்கினார்கள். பிறகு கதவோரச் சதுரத்தின் முதற்சோடி, பைலாவின் அடி பிசகாமல், கதவை நோக்கித் திரும்பியது. இருவர் நிலவறைப் படிக்கட்டுப் பக்கம் ஒதுங்கினார்கள். "ப்ரொமனேட்!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவர்கள் திகைத்துத் திரும்பி வரிசைக்குள் வந்தார்கள்.

நான்கு சதுரங்களும் என்னைக் கடந்து போயின. நான் கடைசியாக மேடையை விட்டு இறங்கினேன். கதவடியில் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். வெறுந்தரை. சுவரோரத்தில் வெறுங்கதிரைகள். பைலா ஒலித்துக்கொண்டிருந்தது. றோல்ஸ் பொரியும் மணம் வந்தது. அந்த மணம் எனக்குள் போயிற்று. அதன் பொருள் போகவில்லை. வெளியே ஓடினேன்.

மழையில், மெல்லிய சப்பாத்துகளுடன், அவர்கள் பாலத்தைத் தாண்டினார்கள். ஒலிபெருக்கி இல்லாததால் நான் வெறுங்குரலில் அழைத்துக்கொண்டே போனேன். மைதானத்தை அடைந்ததும் ஒன்று நடந்தது. ஒருவரும் சொல்லாமலே, பிசகிய துணையை விட்டுத் தங்கள் துணையைத் தேடிப் பிடித்து, நனைந்த புல்லில் நான்கு சதுரங்களாக நின்றார்கள். நடுங்கிக்கொண்டே நின்றார்கள். பழக்கம் அப்படி.

தீயணைப்புப் படையின் தளபதி ஃபுளுரின், கையில் வானொலிக் கருவியுடன் ஓடிவந்தார். ஊரவர் ஏற்கெனவே அங்கே கூடியிருந்தார்கள். அவர்களை வேறொருவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

"மண்டபத்திலிருந்து எல்லாரும் வந்துவிட்டார்களா?"

நான் பார்த்தேன். ஒவ்வொரு சதுரத்திலும் நான்கு பக்கங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் இருவர். எந்தப் பக்கத்திலும் இடைவெளி இல்லை. ஓர் அழைப்பாளரின் கண்ணுக்கு அதைவிடத் தெளிவான விடை இல்லை.

"ஆம்" என்றேன். "எல்லாரும். நான்கு சதுரங்களும் நிறைவு."

"உறுதியாக?"

"உறுதியாக."

அவர் கருவியில், மண்டபம் காலி, எவரும் உள்ளே போக வேண்டாம் என்று அறிவித்தார்.

பிறகு மலை வந்தது. கருவிகள் நோக்கியிருந்த பாறை அல்ல. அதற்குப் பக்கத்தில், ஒருவரும் பொருட்படுத்தாதிருந்த ஒரு முகடு. முதலில் முகிலுக்குள் ஓர் உறுமல். பின்னர் முகிலே கீழிறங்குவது போலிருந்தது. மண்டபத்தின் கூரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதன்பின் அங்கே கூரை இருந்த இடத்தில் கற்கள் இருந்தன. சாம்பல் நிறப் புழுதி ஆற்றைத் தாண்டி வந்து எங்களை மூடியது. எல்லாரும் குனிந்துகொண்டார்கள்.

புழுதி அடங்கியபோது எங்கும் நிசப்தம். அந்த நிசப்தத்தில்தான் எனக்கு எண்ணெய் மணத்தின் பொருள் விளங்கியது.

நான் பாலத்தை நோக்கி ஓடினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. தமிழில் கத்தியிருக்க வேண்டும், ஒருவருக்கும் விளங்கவில்லை. ஃபுளுரின் என் தோளைப் பற்றி இழுத்தார். அவரைத் தள்ளினேன். வாழ்நாளில் நான் தள்ளிய முதல் மனிதர் அவர்.

"அக்கா."

பின்னாலிருந்து வந்தது. திரும்பினேன். சமையலறைச் செருப்புடன், கவசத் துணியுடன், தலை முழுவதும் புழுதியாய்ச் சிவகலா நின்றார். கையில் பொரிக்கும் கரண்டி இருந்தது.

"சிவகலா... நீங்கள்..."

"பைலா கேட்டிச்சு" என்றார். "சொன்னமாதிரி போட்டிட்டீங்க எண்டு கையத் துடைச்சிட்டுப் பலகையத் தூக்கிப் பாத்தன். ஒருத்தருமில்ல. பாட்டு மட்டும் போகிது. அக்கா எண்டு கூப்பிட்டன். பின் கதவத் திறந்தாத்தான் சைரன் கேட்டிச்சு. அப்பிடியே ஓடி வந்தன்."

"எப்ப வந்தனீங்கள்? நான் காணேல்லை..."

"நீங்க அவரிட்ட எல்லாரும் எண்டு சொல்லக்குள்ள, உங்களுக்குப் பின்னாலதான் நிண்டனான்."

மழை அவர் முகத்துப் புழுதியைக் கோடுகளாக்கியது. அவர் கோபமாக இருக்கவில்லை. கோபமாக இருந்திருக்கலாம் என்று இன்றும் விரும்புகிறேன்.

"நான் எந்தச் சதுரத்தில நிண்டன் அக்கா?"

அவர் ஃபுளுரினிடம் போய், சுவிஸ் ஜெர்மனில், தாமும் மண்டபத்தில் இருந்தவர்தான், எண்ணிக்கையில் இன்னும் ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள் என்றார். ஃபுளுரின் என்னைப் பார்த்தார். பிறகு கருவியில் எண்ணிக்கையைத் திருத்தினார்.

அன்று மாலை அயலூரின் பாடசாலை மண்டபத்தில் எங்களுக்குப் போர்வைகள் தந்தார்கள். நடனக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள். ஊர்சினா அம்மையார் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். தம் வீடு போனதற்காக அல்ல, நான் ஒருவரையும் விடாமல் கொண்டுவந்ததற்காக. "ஒருவரையும்" என்று அவர் சொன்னபோது, மண்டபத்தின் மறுகோடியில் போர்வைக்குள் இருந்த சிவகலாவை நான் பார்த்தேன். அவர் ஒரு கிழவியின் நனைந்த சப்பாத்தைக் கழற்ற உதவிக்கொண்டிருந்தார். பின்னர் சிவகலா எனக்கு முந்திய பேருந்திலேயே கூருக்குப் போய்விட்டார்.

மறுநாள் அவர் கதவைத் தட்டினேன். திறந்து, உள்ளே வரச்சொல்லித் தேநீர் தந்தார். என் உடல்நலம் விசாரித்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். நூறு வகையாகக் கேட்டேன். எனக்குத் தெரிந்த மரியாதைச் சொற்கள் அனைத்தையும் சொன்னேன்.

"பரவாயில்ல" என்றார். "அவ்வளவு பேரையும் காப்பாத்தினீங்க. பெரிய விசயம் ரீச்சர்."

அவர் வேண்டுமென்று சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அந்தச் சொல் தானாக வந்தது. அதுதான் என்னை நடுங்கச் செய்தது. அவர் வைத்த தேநீரில் கராம்பு மிதந்தது. குடித்து முடித்து, நன்றி சொல்லிவிட்டு மேலே வந்தேன்.

அதன்பின் நான் அழைக்கவில்லை. கேட்டார்கள். இம்முறை மறுத்தேன். மேடையில் நின்று நிறைவான சதுரங்களைப் பார்த்தால், அவற்றுக்கு வெளியே யார் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாமல் போகுமே என்ற பயம் இன்னும் போகவில்லை. வேலையிடத்திலும், உணவு வேளையில் எல்லாக் கதிரைகளும் நிரம்பியிருந்தால், எழுந்து போய் அறை அறையாகத் திறந்து பார்க்கிறேன்.

இழந்தவை இவை. பிராவால்தாவின் பொது மண்டபம். அதன் சமையலறை. ஊர்சினா அம்மையாரின் வீடும் வேறு ஆறு வீடுகளும். பேருந்துத் தரிப்பிடம். முப்பத்திரண்டு நடனக்காரர்களின் மேலங்கிகள், தெருச் சப்பாத்துகள், கைபேசிகள். கியோன் விட்டுச்சென்ற ஒலிபெருக்கியும் மடிக்கணினியும், அதிலிருந்த இசை முழுவதும். கழகத்தின் கொடி, பின்னர் கழகமும். சிவகலாவின் தாச்சி, கைப்பை, ஒரு தட்டு றோல்ஸ். உயிர்ச்சேதம் இல்லை. அக்கா என்று என்னை அழைக்கக் கூரில் ஒருவர் இருந்தார், அதுவும்.